தொடுதிரையும் சாதன இணைப்பும்: சென்சார்கள் என்ன சேர்க்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைபேசி வாங்கும்போது கேமராவையும் பேட்டரியையும் விசாரிக்கிறோம். உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு சென்சார்களை யாரும் கேட்பதில்லை. ஆனால் திரை நம் விரலைப் புரிந்துகொள்வதும், இரண்டு சாதனங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வதும் அவற்றைப் பொறுத்தே அமைகின்றன. புதிது புதிதாகச் சென்சார்களைச் சேர்ப்பதைவிட, ஏற்கெனவே உள்ளவை சொல்வதை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் பெரிய முன்னேற்றம் வந்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்களை அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

திரையைத் தொடுவதே உள்ளீடுதானே? அதற்கு மேல் சென்சார் எதற்கு?

தொடுவது நீங்கள் தெரிந்தே கொடுக்கும் கட்டளை. ஆனால் கட்டளைக்கு முன்னும் பின்னும் உங்கள் உடல் நிறைய செய்கிறது. கைபேசியை மேசையிலிருந்து எடுக்கிறீர்கள், ஒரு கையில் பிடிக்கிறீர்கள், கட்டைவிரலை ஒரு பக்கமாக நீட்டுகிறீர்கள், பேசுவதற்குக் காதருகே கொண்டுபோகிறீர்கள். இவை எதுவும் கருவியிடம் சொல்லப்பட்டவை அல்ல. என்றாலும் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதற்கான குறிப்பு இவற்றில் இருக்கிறது. அந்தக் குறிப்பைக் கவனித்து, உங்கள் கட்டளைக்குச் சரியான பொருள் கொள்வதுதான் சென்சார்களின் வேலை.

இது எப்போது தொடங்கியது? ஐபோனோடு வந்ததா?

இல்லை, அதற்கும் முந்தையது. 2000-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கென் ஹிங்க்லியும் அவருடைய குழுவினரும் காசியோ நிறுவனத்தின் கையடக்கக் கணினி ஒன்றில் மூன்று வகைச் சென்சார்களைப் பொருத்தினார்கள். ஒன்று சாய்வை அளந்தது. ஒன்று அகச்சிவப்புக் கதிரால் எதிரே உள்ள பொருளின் தூரத்தை அறிந்தது. மூன்றாவது, கருவியைக் கை பிடித்திருக்கிறதா என்று பார்த்தது. இவற்றைக் கொண்டு, கருவியைத் திருப்பினால் திரையும் திரும்பியது. கையில் எடுத்தால் தானே விழித்துக்கொண்டது. தொலைபேசியைப் போலக் காதருகே பிடித்தால் குரல் குறிப்பைப் பதிவு செய்யத் தொடங்கியது.

இந்தக் கடைசி வசதியைக் கவனியுங்கள். சாய்வு மட்டும் போதாது, தூரம் மட்டும் போதாது, பிடிப்பு மட்டும் போதாது. கையில் பிடித்திருக்கிறார், முகம் அருகே இருக்கிறது, காதருகே வைப்பதுபோல் சாய்ந்திருக்கிறது என்று மூன்றும் சேர்ந்தால்தான் பதிவு தொடங்கும். 2007-இல் வந்த முதல் ஐபோனில் திரை தானே திரும்பியதும், பேசும்போது திரை அணைந்ததும் உலகத்துக்குப் புதுமையாகத் தெரிந்தன. அந்த எண்ணங்களுக்கு ஆய்வகத்தில் ஏற்கெனவே ஏழு வயதாகியிருந்தது.

தொடுதிரைக்கு விரல் இருப்பது எப்படித் தெரிகிறது?

இன்றைய கைபேசித் திரைகள் மின்தேக்க முறையில் இயங்குகின்றன. இந்த முறையை இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் இருந்த ராயல் ரேடார் நிறுவனத்தில் ஈ. ஏ. ஜான்சன் 1965-ஆம் ஆண்டிலேயே விவரித்து எழுதினார். திரைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்முனைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரு திசையில் உள்ளவற்றுக்குச் சிறு மின்துடிப்பு அனுப்பப்படுகிறது, மறு திசையில் உள்ளவை அதைப் பெறுகின்றன. விரல் அருகே வந்தால் மின்புலத்தின் ஒரு பகுதி நம் உடலுக்குள் போய்விடுகிறது. அந்தச் சந்திப்பில் கிடைக்கும் அளவு குறைகிறது. இப்படி எல்லாச் சந்திப்புகளையும் வினாடிக்குப் பல பத்து முறை அளந்து பார்க்கிறது கட்டுப்பாட்டுச் சிப்பு.

ஆக, திரைக்குக் கிடைப்பது ஒரு புள்ளி அல்ல, ஒரு முழுப் படம். எங்கே அழுத்தமாகப் பட்டிருக்கிறது, தொட்ட பரப்பு வட்டமா நீள்வட்டமா, ஓரத்தில் உள்ளங்கைச் சதை லேசாக உரசுகிறதா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சிப்பு அந்தப் படத்தைச் சுருக்கிச் சில எண்களாக மாற்றி அனுப்புகிறது. உங்கள் செயலிக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்வது ‘இந்த இடத்தில் தொட்டார்’ என்ற செய்தி மட்டும்தான். மற்ற எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. இத்துறையில் நடக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி, உதிர்ந்துபோகும் அந்தத் தகவலை மீட்கும் முயற்சியே.

நான் தொட்டது ஓரிடம், திறப்பது பக்கத்தில் இருப்பது. தவறு என் விரலிலா?

உங்கள் விரலில் தவறே இல்லை. ஜெர்மனியில் பாட்ஸ்டாம் நகரில் உள்ள ஹாசோ பிளாட்னர் கல்வி நிறுவனத்தில் கிறிஸ்டியான் ஹோல்ஸ், பாட்ரிக் பாவ்டிஷ் இருவரும் இதை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். நாம் குறி வைப்பது விரலின் மேற்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை, அதாவது நகத்தையும் விரலின் விளிம்புகளையும் கொண்டு. திரை கணக்கிடுவதோ அடிப்பக்கத்தில் கண்ணாடியில் பதிந்த சதையின் நடுவிடத்தை. இரண்டுக்கும் இடையே ஒரு விலகல் எப்போதும் இருக்கும். விரலைச் செங்குத்தாக வைத்தால் அது ஒரு அளவு, படுக்கையாக வைத்தால் வேறு அளவு. ஆளுக்கு ஆளும் மாறும்.

விரல் சாய்ந்திருக்கும் கோணம் தெரிந்தால் இந்த விலகலைத் திருத்த முடியும். தொட்ட பரப்பின் வடிவத்தில் அந்தக் கோணத்தின் தடயம் இருக்கிறது. விசைப்பலகைகள் வேறு வழியிலும் ஈடுகட்டுகின்றன: அடுத்து வர வாய்ப்புள்ள எழுத்தின் தொடு பரப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாக்கிக்கொள்கின்றன. முதல் ஐபோனிலேயே இந்த உத்தி இருந்தது.

தொடுவதற்கு முன்பே விரல் வருவதை அறிய முடியுமா?

முடியும். மின்புலம் கண்ணாடியோடு நின்றுவிடுவதில்லை, சற்று வெளியேயும் பரவியிருக்கிறது. சோனியின் எக்ஸ்பீரியா சோலாவில் 2012-இலும், சாம்சங் கேலக்ஸி எஸ்4-இல் 2013-இலும் திரைக்கு மேலே நிற்கும் விரலை உணரும் வசதி வந்தது. ஆனால் அவை விரல் நிறுத்தத்தை மவுஸ் குறியைப் போலப் பயன்படுத்தின. விரலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. பயனர்களிடம் அவை நிலைக்கவில்லை.

2016-இல் ஹிங்க்லியின் குழு வேறொரு கோணத்தில் அணுகியது. அவர்கள் சோதித்த கைபேசித் திரை, மேலே வரும் விரல்களை மட்டுமின்றி, ஓரங்களைச் சுற்றிப் பிடித்திருக்கும் விரல்களையும் உணர்ந்தது. காணொலி ஓடிக்கொண்டிருக்கும்போது விரல் நெருங்கினால் பொத்தான்கள் தோன்றும், விலகினால் மறையும். வலது கையில் பிடித்திருந்தால் வலது கட்டைவிரல் எட்டும் இடத்தில் விசிறிபோல் விரியும். இடது கை என்றால் இடப்பக்கம். வலைப்பக்கத்தில் விரல் இறங்கும்போதே இணைப்புகள் துலக்கமாகும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இன்னொன்று. விரல் தொட்ட பிறகு, அது வந்த பாதையைத் திரும்பிப் பார்க்கிறது அந்த மென்பொருள். வேகமாக வீசி வந்ததா, நிதானமாகக் குறிபார்த்து இறங்கியதா? முதலாவது என்றால் பக்கத்தை நகர்த்த நினைக்கிறார், இரண்டாவது என்றால் சொல்லைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். இங்கே பயனர் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை. இயல்பாகச் செய்வதையே செய்கிறார், கருவிதான் கூர்ந்து பார்க்கிறது. முந்தைய இரண்டு கைபேசிகளும் தவறவிட்டது இதைத்தான்.

திரைக்கு அந்தத் திறன் இல்லாத சாதாரணக் கைபேசியில், எந்தக் கையில் பிடித்திருக்கிறேன் என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மயங்க் கோயல், ஜேக்கப் வோப்ராக், ஷ்வேதக் படேல் மூவரும் 2012-இல் உருவாக்கிய முறை, பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் ஏற்கெனவே உள்ள சென்சார்களையே பயன்படுத்தியது. கட்டைவிரல் அதன் அடிமூட்டை மையமாகக் கொண்டு சுழல்வதால், நேராகத் தள்ளுவதாக நாம் நினைத்தாலும் திரையில் விழுவது வில் வடிவக் கோடு. அந்த வில் எந்தப் பக்கம் வளைகிறது என்பது எந்தக் கை என்று சொல்லிவிடும். ஒரு கையில் பிடித்துத் தொடும்போது கைபேசி அசையும் விதமும், தொடும் பரப்பின் அளவு மாறும் விதமும் துணைச் சான்றுகள். அழுத்தத்தைக்கூட அவர்கள் அளந்தார்கள்: அதிர்வு மோட்டாரை ஓடவிட்டு, விரல் அழுத்த அழுத்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்று, கருவி சுழல்வதை அளக்கும் சென்சாரான சுழல்மானியால் பார்த்தார்கள்.

விரல் நுனி, நகம், முட்டி என்று பிரித்தறிய முடியுமா?

ஒலியால் முடியும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஹாரிசன், ஜூலியா ஷ்வார்ஸ், ஸ்காட் ஹட்சன் ஆகியோர் 2011-இல் இதைக் காட்டினார்கள். நகம் கண்ணாடியில் பட்டால் ஒரு ஒலி, சதை பட்டால் வேறொன்று. இத்தொழில்நுட்பம் 2015 முதல் ஹுவாவே நிறுவனத்தின் கைபேசிகளில் விரல்முட்டியால் தட்டும் வசதியாக வந்தது.

பேனாவால் எழுதும்போது உள்ளங்கை பட்டுக் கோடு விழுகிறது. இதைத் தடுப்பது ஏன் கடினம்?

உள்ளங்கை பெரியது, எளிதில் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கையை ஊன்றும்போது முதல் நொடிப்பொழுதில் அதுவும் சிறு புள்ளியாகத்தான் படுகிறது. பெரும்பாலும் பேனா திரைக்கு வருவதற்கு முன்பே கை ஊன்றிவிடுகிறது. உடனே முடிவெடுத்தால் தவறாகும். காத்திருந்து முடிவெடுத்தால் எழுத்து மந்தமாகும்.

2014-இல் ஷ்வார்ஸ், ஹாரிசன் குழுவினர் சொன்ன தீர்வு நேர்த்தியானது. தொட்டவுடன் ஒரு தற்காலிக முடிவெடுத்துக் கோட்டை வரைந்துவிடுவது, பிறகு அரை வினாடி வரை மீண்டும் மீண்டும் பரிசீலிப்பது, உள்ளங்கை என்று தெரிந்தால் கோட்டைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுவது. பேனாவையே உணரும் திரைகளில் இன்னொரு சான்றும் உண்டு: பேனா முனை கண்ணாடிக்கு மேலே நெருங்கியிருந்தால், அந்த நேரத்துத் தொடுதல்களைப் புறக்கணிக்கலாம். சென்சார் எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும், அதைச் சிரமமில்லாமல் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் அந்த வசதியே வேண்டாம் என்பேன்.

இரண்டு சாதனங்களை இணைப்பது ஏன் இன்னும் இத்தனை தொல்லை?

ப்ளூடூத் அலைக்கு யார் எதிரே இருக்கிறார் என்பது தெரியாது. எட்டும் தூரத்தில் உள்ள எல்லாச் சாதனங்களும் அதற்கு ஒன்றுதான். அதனால் பட்டியலை நீட்டி, ‘இவற்றில் எது?’ என்று உங்களைக் கேட்கிறது. நீங்கள் கண்ணால் பார்க்கும் ஹெட்போன், பட்டியலில் புரியாத எழுத்தும் எண்ணுமாகக் கிடக்கிறது. பெயர் தெரிந்தாலும், அந்தப் பெயரில் இருப்பது அதுதானா என்ற கேள்வி நிற்கிறது. அதற்காகத்தான் ப்ளூடூத்தில் ஆறு இலக்க எண்ணை இரு திரைகளிலும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்தது. திரையே இல்லாத ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மோதினால், குலுக்கினால் இணையும் என்கிறார்களே, அது எப்படி?

இரண்டு கை தட்டினால்தான் ஓசை. இந்த முறையின் சாரமும் அதுதான்.

2001-இல் லார்ஸ் எரிக் ஹோம்குவிஸ்ட் குழுவினர், இரண்டு சிறு சாதனங்களை ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினால் அவை நண்பர்களாகும்படி செய்தார்கள். ஒரே குலுக்கலை உணர்ந்த இரண்டு முடுக்கமானிகள் (அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் சென்சார்கள்) ஒரே மாதிரி அளவுகளைக் காட்டும். வேறு யாருடைய சாதனமும் அதே நேரத்தில் அதே அசைவைக் காட்டாது. 2003-இல் ஹிங்க்லி இரண்டு டேப்லெட்களை ஓரத்தோடு ஓரம் மெல்ல மோதவிட்டார். மோதிய கணத்தில் இரண்டிலும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் ஒரு துள்ளல் பதிவாகிறது. நேரம் பொருந்தியதால் இவைதான் மோதின என்று தெரிகிறது. திசையால் எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேர்ந்தது என்றும் தெரிகிறது. உடனே இரு திரைகளும் ஒரே பெரிய திரையாகி, ஒரு படம் இரண்டிலும் விரிகிறது. அடுத்த ஆண்டில், ஒரு திரையில் தொடங்கி மற்றதில் முடியும் ஒற்றைப் பேனாக் கோட்டால் அதே இணைப்பைச் செய்து காட்டினார்கள்.

தனித்துப் பார்த்தால் ஒரு துள்ளலுக்கு எந்தப் பொருளும் இல்லை. மேசையில் வைத்தாலும் துள்ளும், பையில் இடித்தாலும் துள்ளும். இரண்டு சாதனங்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது ஒரு செயலாகிறது. இந்த முறைகளில் இணைப்பு என்பது இருவர் தெரிந்தே செய்யும் காரியமாகவும் இருக்கிறது. உங்களை அறியாமல் யாரும் உங்கள் டேப்லெட்டோடு மோத முடியாது.

அப்படியானால் ‘பம்ப்’ செயலி ஏன் நிலைக்கவில்லை?

2009-இல் வந்த பம்ப், இரண்டு கைபேசிகளை மோதித் தொடர்பு விவரங்களைப் பரிமாறிக்கொள்ள வைத்தது. மோதிய நேரம், இடம், அசைவு ஆகியவற்றை இரண்டு கைபேசிகளும் ஒரு சர்வருக்கு அனுப்பும். பொருந்தும் இணையைச் சர்வர் கண்டுபிடிக்கும். புத்திசாலித்தனமான வழி, ஆனால் இணையம் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவரோடும் இணைய முடியாது. இருவரிடமும் அதே செயலி இருக்கவும் வேண்டும். 2013-இல் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கி, 2014 ஜனவரி இறுதியில் செயலியை மூடியது. எண்ணம் மட்டும் சாகவில்லை. 2023-இல் ஐஓஎஸ் 17-இல் வந்த நேம்டிராப், இரண்டு ஐபோன்களின் மேல்முனைகளை அருகே கொண்டுவந்தால் தொடர்பு விவரத்தைப் பகிர முன்வருகிறது. இயங்குதளமே இதைச் செய்வதால் தனிச் செயலி தேவைப்படவில்லை.

அருகில் இருப்பதே போதுமான பாதுகாப்புதானா?

எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ப்ளூடூத் அலையின் வலிமையை வைத்துத் தூரத்தைக் கணித்தால் ஏமாறலாம். நடுவில் ஒருவர் நின்றாலே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடல் உறிஞ்சிக்கொள்ளும், அருகில் உள்ளது தொலைவில் உள்ளதாகத் தோன்றும். என்எஃப்சி என்ற குறுந்தூர ரேடியோ இணைப்பு சில சென்டிமீட்டருக்குள் மட்டுமே வேலை செய்கிறது. ஆனாலும் சமிக்ஞையை இடையில் ஒருவர் வாங்கி வேறிடத்துக்குக் கடத்தினால் தூரம் பொய்யாகிவிடும். சாவியில்லாமல் திறக்கும் கார்கள் இப்படித்தான் திருடப்படுகின்றன: வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சமிக்ஞையைக் கார் வரைக்கும் நீட்டுகிறார்கள்.

2019-இல் ஐபோன் 11-இல் வந்த அல்ட்ரா வைட்பேண்ட் சிப்பு, அலையின் வலிமையைப் பாராமல் பயண நேரத்தை அளக்கிறது. ஒளியும் ரேடியோ அலையும் ஒரு நானோ வினாடியில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் போகும். கடத்துபவர் சமிக்ஞையை வலுவாக்கலாம், அதன் பயணத்தைச் சுருக்க முடியாது. சாவியும் காரும் இந்த முறையில் இயங்கினால், நேரம் கூடும்போது கார் திறக்காது.

கையசைவை உணரும் ரேடார் கைபேசி என்ன ஆயிற்று?

கூகுள் 2019-இல் பிக்சல் 4-இல் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை வைத்தது. திரைக்கு மேலே கையை வீசிப் பாடலை மாற்றலாம். அந்த மாடல் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. அந்த அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததே காரணமாகப் பேசப்பட்டது. அடுத்த மாடலில் ரேடாரையே எடுத்துவிட்டார்கள். கையை வீசுவதைவிட, ஒருவர் கைபேசியை எடுக்க வருவதை முன்கூட்டியே அறிந்து முகத்தால் திறக்கத் தயாராவதுதான் அதில் உண்மையில் பயனுள்ள வேலையாக இருந்தது என்று நினைக்கிறேன்.

இந்தச் சென்சார்கள் என்னை உளவு பார்க்க முடியுமா?

முடியும், இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்கும் கைபேசி, அசைவுச் சென்சார்களுக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2011-இலேயே, எண் விசைப்பலகையில் தட்டும்போது கைபேசி அசையும் விதத்தை மட்டும் வைத்து, தட்டிய எண்களில் 70 சதவீதத்துக்கு மேல் ஊகித்துக் காட்டினார்கள். கையின் பிடிப்பைச் சொல்லும் அதே அசைவு ரகசிய எண்ணையும் சொல்லிவிடுகிறது.

ஆண்ட்ராய்டு 12-இல், சிறப்பு அனுமதி இல்லாத செயலிகள் இந்தச் சென்சார்களை வினாடிக்கு 200 முறைக்கு மேல் வாசிக்க முடியாது என்று வரம்பு வந்தது. ஐபோனில் வலைத்தளங்கள் அசைவுத் தகவலைப் பெற இப்போது உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். போதுமா என்றால், போதாது. பிடிப்பு, விரலின் பாதை போன்றவற்றைக் கணித்து முடிவை மட்டும் செயலிக்குக் கொடுப்பது இயங்குதளத்தின் பொறுப்பாக இருக்க வேண்டும். மூல அளவுகளைச் செயலிகளுக்கு அள்ளிக் கொடுப்பது தேவையே இல்லை.

மழையிலும் வியர்வையிலும் சார்ஜ் போடும்போதும் திரை தாறுமாறாக நடந்துகொள்வது ஏன்?

தண்ணீரும் மின்புலத்தை மாற்றும், அதனால் துளியை விரலென்று திரை எண்ணிவிடுகிறது. இரண்டு விதமாக மாற்றி மாற்றி அளந்தால் பிரித்தறியலாம்: குறுக்கு நெடுக்குச் சந்திப்பில் தெரியும் துளி, ஒவ்வொரு மின்முனையையும் தனியாக அளக்கும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. தரமற்ற சார்ஜரின் மின்னிரைச்சல் விரலின் சமிக்ஞையோடு கலந்துவிடும். சார்ஜரைக் கழற்றியதும் திரை சரியானால், பழுது திரையில் இல்லை.

என் அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. அப்பாவின் விரல்கள் உழைத்துக் காய்த்தவை, திரை அவரை உணர்வதே இல்லை. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்திலேயே மிக அவசியமான கேள்வி இதுதான். மென்மையான, ஈரப்பதமுள்ள, நடுங்காத விரலை மனத்தில் வைத்தே பெரும்பாலான திரைகள் சரிசெய்யப்பட்டிருக்கின்றன. காய்ந்து தடித்த தோலில் சமிக்ஞை குறைகிறது. நடுங்கும் விரல் ஒரு தட்டலை இரண்டாகவோ, இழுப்பாகவோ ஆக்கிவிடுகிறது.

அம்மாவிடம் ஐபோன் இருந்தால், செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் ‘டச்’ பிரிவில் ‘டச் அக்காமடேஷன்ஸ்’ இருக்கிறது. எவ்வளவு நேரம் விரல் பதிந்தால் தொடுதலாகக் கொள்ள வேண்டும், அடுத்தடுத்து விழும் தட்டல்களை எவ்வளவு நேரம் புறக்கணிக்க வேண்டும், விரல் முதலில் பட்ட இடத்தை எடுக்கவா கடைசியாக விட்ட இடத்தை எடுக்கவா என்பதையெல்லாம் அங்கே மாற்றலாம். ஆண்ட்ராய்டில் ‘டச் அண்ட் ஹோல்ட் டிலே’ என்பதை நீட்டி வையுங்கள். அப்பாவுடையது சாம்சங் என்றால், டிஸ்ப்ளே பிரிவில் ‘டச் சென்சிடிவிட்டி’ உண்டு. திரைக்கு மேல் கண்ணாடி ஒட்டியவர்களுக்காக வந்தது, காய்த்த விரலுக்கும் முயன்று பார்க்கலாம். திரையில் தடிமனான பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டும் பாருங்கள். மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, அவர்களையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எது சரியாக இருக்கிறது என்று அவர்கள் விரலுக்குத்தான் தெரியும்.